சிக்டெர்ம் எந்தத் திரெட்டுக்குப் போகுது? ஏலக் கணக்கு நிரல் சில நாள் மட்டும் தொங்கிப்போகுது

தராசுத்தம்பி, பாம்பன் · இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர்ல ஒரு மீன் ஏலக்கூடத்துக்கு எடைக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்திருக்கேன். ராஸ்பெரி பை, லினக்ஸ், சி மொழி. மூணு திரெட், அதாவது ஒரே நிரலுக்குள்ள தனித்தனியா நடக்கிற ஓட்டம், ஓடுது. ஒண்ணு மின்தராசுல இருந்து சீரியல் வழியா எடையைப் படிக்கும். இன்னொண்ணு படகு முதலாளியான சம்மாட்டிக்கு எஸ்எம்எஸ் போகவேண்டியதைப் பார்த்துக்கும். மெயின் திரெட்தான் எடை, விலை, படகு எண் எல்லாத்தையும் கோர்த்துக் கோப்புல எழுதும்.

ஏலம் முடிஞ்சதும், லினக்ஸ்ல சர்வீஸ்களைத் தொடக்கி நிறுத்துற சிஸ்டம்டி மூலமா நிரலை நிறுத்துவோம். அது சிக்டெர்ம், அதாவது "முடிச்சுக்கோ"ங்கிற சிக்னலை அனுப்புது. சிக்னல் வந்தா ஓடுற ஃபங்ஷனான என் ஹேண்ட்லர், ஒரு நேரத்துல ஒரு திரெட் மட்டும் கோப்பைத் தொடறதுக்கான ம்யூடெக்ஸ்ங்கிற பூட்டைப் பூட்டி, "கணக்கு முடிந்தது"ன்னு கடைசி வரியை எழுதி, கோப்பை மூடி வெளியேறணும். பெரும்பாலான நாள் அப்படியே நடக்குது. சில நாள் அப்படியே உறைஞ்சு நிக்குது. ஒன்றரை நிமிஷம் கழிச்சு சிஸ்டம்டி வெட்டி விட்டுருது. மறுநாள் திறந்தா கடைசி அம்பது, அறுபது வரி காணோம். போன வாரம் ஒரு நாட்டுப்படகுக்காரரோட காரலும் கணவாயும் கணக்குல இல்லாமப் போச்சு. அவர் கையில சீட்டு இருந்ததால தப்பிச்சோம். ஒருத்தரோட ராத்திரி உழைப்பு என் நிரலால காணாமப் போகுதுன்னா எனக்குத் தூக்கம் வரல.

கவனிச்ச ஒரே விஷயம்: மீன் வரத்து அதிகமா இருக்கிற நாள்ல நிறுத்தினா தொங்குது. சும்மா கிடக்கிறப்ப நிறுத்தினா ஒண்ணும் ஆகறதில்ல.

வடகடல், மண்டபம் · இரவு 9.30

சிஸ்டம்டியில அந்த 90 விநாடியை 5 ஆக்கிட்டு விடு தம்பி. எப்படியும் சிக்கில்ங்கிற, கட்டாயமா வெட்டுற சிக்னல் வந்து முடிச்சுரும். நான் பார்த்துக்கிற சர்வர்ல எல்லாம் அப்படித்தான் வச்சிருக்கேன்.

கீழக்கரை வாடை · இரவு 9.51

அதைச் செய்யாதீங்க தம்பி. இப்ப 90 விநாடி கழிச்சு தொலையுற கணக்கு, அப்புறம் 5 விநாடியில தொலையும், அவ்வளவுதான் வித்தியாசம். காணாமப்போன வரிகள் எங்க இருந்துச்சுன்னு முதல்ல பாருங்க. நீங்க எஃப்பிரிண்ட்எஃப்ங்கிற சி ஃபங்ஷன்ல எழுதுறது நேரா கெர்னலுக்கு, அதாவது லினக்ஸோட மையத்துக்குப் போறதில்ல. சி நூலகத்தோட பஃபர்ங்கிற தற்காலிக இடத்துல, உங்க பிராசஸ் (ஓடிக்கிட்டிருக்கிற நிரல்) நினைவகத்துக்குள்ளேயே சேர்ந்துக்கிட்டு இருக்கும். கோப்புன்னா பொதுவா 4096 பைட். அது நிறைஞ்சாத்தான் வெளிய போகும். சிக்கில் வந்தா பஃபரைக் காலி பண்ண யாருக்கும் வாய்ப்பே இல்ல. உங்க ஒரு வரி எழுபது, எண்பது எழுத்து இருக்கும்னா அம்பது வரிங்கிற கணக்கு சரியா உக்காருது.

ஏன் உறையுதுங்கிறதுதான் மூலக்கேள்வி. அடுத்த தடவை தொங்கும்போது சிக்கில் வர்றதுக்குள்ள பிழை தேடுற கருவியான ஜிடிபியை ஒட்டி, எல்லாத் திரெட்டோட ஸ்டேக்கையும், அதாவது எந்த ஃபங்ஷனுக்குள்ள எது நிக்குதுங்கிற அடுக்கையும், எடுத்துப் போடுங்க. நேரம் பத்தலைன்னா அந்த 90-ஐ 900 ஆக்கி வச்சுக்கங்க.

தராசுத்தம்பி, பாம்பன் · மறுநாள் காலை 8.40

வாடை காக்கா, இன்னைக்கே மாட்டுச்சு. மத்த ரெண்டு திரெட்டும் சாதாரணமாத்தான் நிக்குது. மெயின் திரெட் ஸ்டேக்கைக் கீழ இருந்து மேல சொல்றேன்: மெயின், கணக்கு எழுதுற ஃபங்ஷன், அதுக்குள்ள எஃப்பிரிண்ட்எஃப். அதுக்கு மேல "சிக்னல் ஹேண்ட்லர் அழைக்கப்பட்டது"ங்கிற மாதிரி ஒரு வரி. அதுக்கு மேல என் ஹேண்ட்லர். உச்சியில ம்யூடெக்ஸ் லாக், காத்துக்கிட்டே இருக்கு.

கீழக்கரை வாடை · காலை 9.05

கிடைச்சிருச்சு தம்பி. அந்த ஸ்டேக்கையே திரும்பப் படிங்க. கணக்கு எழுதுற ஃபங்ஷன் ம்யூடெக்ஸைப் பூட்டிட்டுத்தானே எஃப்பிரிண்ட்எஃப்க்குள்ள போச்சு? பாதி வழியில சிக்டெர்ம் வந்துச்சு. ஹேண்ட்லர்னு தனியா ஒரு ஆள் கிடையாது. அதே திரெட்டைப் பாதியில நிறுத்தி, அதே ஸ்டேக் மேலயே ஹேண்ட்லர் ஓடுது. அது போய் அதே பூட்டைக் கேக்குது. பூட்டைத் திறக்கவேண்டியது யாரு? கீழ நிறுத்தி வச்சிருக்கிற அந்த ஃபங்ஷன். அது தொடரணும்னா ஹேண்ட்லர் முடியணும். தன் பூட்டுக்குத் தானே காத்து நிக்குது. வரத்து அதிகமான நாள்ல மெயின் திரெட் பெரும்பாலான நேரம் பூட்டுக்குள்ளேயே இருக்கும், அதான் அன்னைக்குத் தொங்குது.

உங்க ம்யூடெக்ஸை எடுத்துட்டாலும் தப்பிக்க முடியாது. எஃப்பிரிண்ட்எஃப், நினைவகம் ஒதுக்குற மல்லாக் இதுங்களுக்குள்ள அதுங்களோட சொந்தப் பூட்டு இருக்கு. ஹேண்ட்லர்ல எதையெல்லாம் கூப்பிடலாம்னு போசிக்ஸ்ங்கிற பொதுத் தரத்துல ஒரு பட்டியலே உண்டு. நேரா கெர்னலுக்கு எழுதுற ரைட் இருக்கு, காத்திருக்கிற திரெட்டை எழுப்புற செமாஃபோர் போஸ்ட் இருக்கு. பிரிண்ட்எஃப் இல்ல, மல்லாக் இல்ல, ம்யூடெக்ஸ் லாக்கும் இல்ல.

பெரிய பெரிய ஆளுங்களுக்கும் நடந்திருக்கு. தூரத்துக் கணினிக்குள்ள நுழையப் பயன்படுற ஓப்பன்எஸ்எஸ்ஹெச்ல 2024 ஜூலையில வெளிவந்த ஓட்டை இதே சாதிதான். உள்நுழையக் கொடுத்த நேரம் தீர்ந்ததும் வர்ற சிக்அலாரம் ஹேண்ட்லர், பதிவு எழுதுற சிஸ்லாக்கைக் கூப்பிட்டுச்சு. அது உள்ள போய் மல்லாக்கைத் தொட்டுச்சு. வெளிய இருக்கிறவன் ரூட் அதிகாரம் வரைக்கும் போக வழி திறந்துச்சு. 2006-ல அடைச்ச ஓட்டை, பின்னால வந்த ஒரு மாற்றத்துல திரும்பத் திறந்துக்கிச்சு.

தராசுத்தம்பி, பாம்பன் · காலை 9.40

காக்கா, இப்பத்தான் விளங்குது. ஒரு சந்தேகம். மூணு திரெட் இருக்கும்போது சிக்டெர்ம் ஏன் மெயினுக்கே வருது? எஸ்எம்எஸ் திரெட் சும்மாதானே தூங்குது, அதுக்குப் போனா பிரச்சினையே இல்லையே. யார் முடிவு பண்றா?

முகவை ஆசிரியர் · காலை 11.15

இந்தக் கேள்விக்காகவே எழுத வந்தேன். பாலிடெக்னிக்கில் பல ஆண்டுகள் இந்தப் பாடம் நடத்தியவன். மாணவர்கள் தடுமாறும் இடமும் இதுவேதான். ஏனென்றால் சிக்னல் திரெட்டுகளைவிட மூத்தது. ஒரு பிராசஸுக்குள் ஒரே ஓட்டம் என்றிருந்த காலத்தில் வந்த ஏற்பாடு. திரெட் பிற்பாடு வந்து குடியேறியது. எது வீட்டுக்குப் பொது, எது ஆளுக்குச் சொந்தம் என்று பாகம் பிரிக்க வேண்டியதாயிற்று.

பிரிவினை இப்படி. ஒரு சிக்னலுக்கு என்ன செய்வது என்பது, அதாவது ஹேண்ட்லரா, புறக்கணிப்பா, இயல்பு நடவடிக்கையா என்பது, பிராசஸ் முழுமைக்கும் பொது. இரண்டு திரெட்டுகள் சிக்டெர்முக்கு வெவ்வேறு ஹேண்ட்லர் வைத்துக்கொள்ள முடியாது. கடைசியாக யார் பதிந்தாரோ அவருடையதே எல்லோருக்கும். ஆனால் மாஸ்க், அதாவது எந்த சிக்னலை இப்போதைக்குத் தடுத்து வைக்கிறேன் என்ற பட்டியல், ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனி. வந்து காத்திருக்கும் சிக்னல்களுக்கும் இரண்டு இடம்: பிராசஸுக்கு ஒரு பொதுத் திண்ணை, திரெட்டுக்கு ஒரு தனி அறை.

கில் கட்டளையோ சிஸ்டம்டியோ அனுப்புவது பிராசஸ் பெயருக்கு. அது திண்ணையில் வந்து உட்காரும். தடுக்காத திரெட் எதுவானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் போசிக்ஸ் விதி. எது என்று அது சொல்லவில்லை. லினக்ஸ் கெர்னல் முதலில் மெயின் திரெட்டைப் பார்க்கிறது. அது தடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் அதற்கே கொடுத்துவிடும். தடுத்திருந்தால் மற்றவற்றை வரிசையாகச் சுற்றிப் பார்க்கும். தம்பிக்கு மெயினிலேயே வந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் இது லினக்ஸின் பழக்கமே தவிர, வாக்குறுதி அல்ல. அதை நம்பி எழுதக்கூடாது.

திரெட்டின் பெயருக்கே வருபவை இரண்டு வகை. பித்ரெட்கில் போட்டு நாமே குறிப்பிட்டு அனுப்புவது ஒன்று. தப்பான முகவரியைத் தொட்டதால் வரும் செக்ஃபால்ட், பூஜ்யத்தால் வகுத்ததால் வரும் சிக்எஃப்பிஈ போன்றவை இன்னொன்று. தவறு செய்த திரெட்டிடமே அவை போய்ச் சேரும், வேறொருவர் தலையில் விழாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பித்ரெட்கில் என்ற பெயரைப் பார்த்து, அந்தத் திரெட்டை மட்டும் கொல்லும் என்று நினைப்பவர்கள் உண்டு. சிக்டெர்முக்கு ஹேண்ட்லர் இல்லாமல் ஒரு திரெட்டுக்கு அதை அனுப்பினால் பிராசஸே முழுதாகப் போய்விடும். கடிதம் ஒருவர் பெயருக்கு வந்தாலும் விளைவு வீட்டுக்கே.

இனி எப்போது சேர்கிறது என்பது. அனுப்பிய கணத்தில் கெர்னல் செய்வது ஒரு குறி போடுவது மட்டுமே. சேர்ப்பது, அந்தத் திரெட் கெர்னலிலிருந்து பயனர் நிரலுக்குத் திரும்பும் வாசலில். ஒரு சிஸ்டம் கால் (கெர்னலிடம் கேட்ட வேலை) முடிந்து திரும்பலாம், ஒரு இண்டரப்ட் (செயலிக்கு வரும் குறுக்கீடு) முடிந்து திரும்பலாம். செயலியின் வேறொரு கோரில் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் திரெட் என்றால், அந்தக் கோருக்கு ஒரு இண்டரப்ட் அனுப்பி வாசலுக்கு வரவழைக்கிறது. வாசலில் கெர்னல் குறியைப் பார்க்கிறது. திரெட்டின் ரெஜிஸ்டர்களை, அதாவது செயலிக்குள் அது வைத்திருந்த மதிப்புகளை எல்லாம் அதன் ஸ்டேக்கிலேயே ஒரு சட்டமாக அடுக்கி வைக்கிறது. அடுத்து ஓட வேண்டிய முகவரியாக ஹேண்ட்லரை எழுதித் திருப்பி அனுப்புகிறது. ஹேண்ட்லர் முடிந்ததும் சிக்ரிட்டர்ன் என்ற சிஸ்டம் கால் நடக்கும். அடுக்கி வைத்த ரெஜிஸ்டர்கள் திரும்ப ஏறும். விட்ட இடத்திலிருந்து பழைய ஓட்டம். தம்பி ஜிடிபியில் பார்த்த அந்த வரி, இந்தச் சட்டம் இருக்கும் இடம்.

கடைசியாக எண்ணிக்கை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். 1 முதல் 11 வரை எண், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். 3-ஆம் எண் ஏறியிருக்கும்போது மீண்டும் 3 என்று வானிலைத் துறையிலிருந்து தகவல் வந்தால் இன்னொரு கூண்டு ஏறாது. கொடிமரத்தைப் பார்ப்பவருக்கு 3 ஏறியிருக்கிறது என்பது தெரியும், எத்தனை தகவல் வந்தது என்பது தெரியாது. சாதாரண சிக்னலும் அப்படியே. எண்ணுக்கு ஒரு பிட். காத்திருக்கும்போது ஐந்து முறை அனுப்பினாலும் ஒரு முறைதான் சேரும். வரிசையில் நிற்பவை ரியல்டைம் சிக்னல்கள் மட்டும்.

ஏர்வாடி பைத்தான் · பகல் 12.02

சார், பைத்தான்லயும் இதே கதிதானா? நான் ஹேண்ட்லர்ல பிரிண்ட் எல்லாம் போடுறேன், உறைஞ்சதே இல்ல.

முகவை ஆசிரியர் · பகல் 12.20

பைத்தானில் உண்மையான சி ஹேண்ட்லர் ஒரு குறியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். நீங்கள் எழுதிய ஹேண்ட்லர் பிறகு, மெயின் திரெட்டில், இரண்டு பைட்கோடுகளுக்கு நடுவே ஓடுகிறது. சிக்னலைக் கெர்னல் எந்தத் திரெட்டுக்குக் கொடுத்தாலும் ஓடும் இடம் மெயின்தான். அதனால் மல்லாக் பாதியில் வெட்டுப்படும் ஆபத்து இல்லை. ஆனால் மெயின் கையில் ஒரு லாக் இருக்கும்போது அதே லாக்கை ஹேண்ட்லரில் கேட்டால் அங்கேயும் உறையும். மெயின் ஒரு நீண்ட சி ஃபங்ஷனுக்குள் மாட்டியிருந்தால் அது திரும்பும்வரை ஹேண்ட்லரும் காத்திருக்கும்.

தொண்டி நிரலி · பிற்பகல் 2.10

தம்பி, காரணம் தெரிஞ்சாச்சு, மருந்துக்கு வர்றேன். ஹேண்ட்லரை இன்னும் கவனமா எழுதப் பார்க்காதே. ஹேண்ட்லரே வேண்டாம். சிக்னலை வாங்கறதுக்குன்னே ஒரு திரெட்டை உக்கார வை.

மெயின்ல முதல் வேலையா, வேற எந்தத் திரெட்டும் பிறக்கிறதுக்கு முன்னால, பித்ரெட் சிக்மாஸ்க் போட்டு சிக்டெர்மையும், கண்ட்ரோல்-சி அழுத்தினா வர்ற சிக்இண்டையும் தடு. புதுத் திரெட் பெத்தவளோட மாஸ்கை அப்படியே சுமந்துக்கிட்டுத்தான் பிறக்கும், அதனால எல்லாரும் தடுத்தவங்களா ஆயிடுவாங்க. முன்பின்னா செஞ்சா முதல்ல பிறந்தது தடுக்காம நிக்கும், சிக்னல் அங்க போய் விழும். அப்புறம் ஒரு தனித் திரெட், அதுல சிக்னலுக்காகக் காத்திருக்கிற சிக்வெயிட். யாருமே எடுக்காம சிக்டெர்ம் திண்ணையில கிடக்கும், சிக்வெயிட் அதைக் கையால எடுத்துக்கும். யாரோட ஓட்டமும் பாதியில வெட்டுப்படாது. சிக்வெயிட் திரும்பின பிறகு நீ இருக்கிறது சாதாரண திரெட் ஓட்டம். ம்யூடெக்ஸ் பூட்டலாம், எஃப்பிரிண்ட்எஃப் போடலாம், கண்டிஷன் வேரியபிளைத் தட்டி மத்தத் திரெட்டை எழுப்பலாம். மெயின் தன் பூட்டை விடுறவரைக்கும் அது நிதானமா காத்திருக்கும், ஏன்னா மெயின் ஓடிக்கிட்டேதான் இருக்கு.

தராசுத் திரெட் ஒண்ணுதான் சிக்கல். அது ரீட்ல தூங்குது, எடை வராம எழும்பாது. பித்ரெட்கில்ல சிக்யூஸர்1 அனுப்பி, ரீட் ஈஇண்டர்னு பிழை சொல்லித் திரும்புற மாதிரி செய்றவங்க உண்டு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. நிறுத்தணுமாங்கிற கொடியைச் சோதிச்சு முடிச்சு ரீட்டுக்குள்ள போறதுக்கு முன்னால, அந்த மயிரிழை இடைவெளியில சிக்னல் வந்துட்டா வீணாப்போகும், ரீட் தூங்கிரும். ஒரு பைப் வச்சுக்க. பல இடத்தை ஒண்ணாப் பார்த்துக் காத்திருக்கிற போல்ங்கிற சிஸ்டம் கால்ல சீரியலையும் பைப்பையும் சேர்த்துக் கவனி. நிறுத்தணும்னா பைப்புல ஒரு பைட் எழுது. அது எங்கயும் போகாது, போல் பார்க்கிறவரைக்கும் இருக்கும்.

வடகடல், மண்டபம் · மாலை 4.45

அக்கா சொல்றது சரிதான், நேத்து நான் சொன்னது அவசரத்துல சொன்னது. ஆனா ஒரு விஷயத்தை எல்லாரும் தாண்டிப் போறீங்க. கச்சான் காத்து தூக்குற மாசத்துல நம்ம கரையில கரண்ட் போறது புதுசா? கரண்ட் போறப்ப எந்தக் கெர்னலும் சிக்டெர்ம் அனுப்பாது. நிரலை எவ்வளவு அழகா நிறுத்தினாலும், நிறுத்தாமலே செத்தா கணக்கு என்ன ஆகும்? ஒவ்வொரு ஏலத்தையும் அப்பப்ப எழுதி, அதைக் கார்டுக்கே கொண்டு சேர்க்கிற எஃப்சிங்க் போடணும். அப்படிப் போட்டா சிக்கில் வந்தாலும் நஷ்டம் இல்லையே, இந்த சிக்னல் வேலையெல்லாம் எதுக்கு?

தொண்டி நிரலி · மாலை 5.20

எஃப்சிங்க் போடணுங்கிறதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்லண்ணே. ஒரு ஏலத்துக்கு ஒரு தடவைன்னா எஸ்டி கார்டும் தாங்கும். பஃபரைக் காலி பண்ணி ரைட் வரைக்கும் போயிட்டாலே நிரல் செத்தாலும் வரி பிழைக்கும், அது கெர்னல் கையில இருக்கு. கரண்ட் போனாலும் பிழைக்கத்தான் எஃப்சிங்க்.

ஆனா சிக்னல் வேலை வேண்டாங்கிறதை ஒத்துக்க மாட்டேன். பாதி எடையில நிக்கிற ஒரு கூடை, போய்க்கிட்டிருக்கிற ஒரு எஸ்எம்எஸ், இதெல்லாம் எழுதி முடிச்ச வரிகள் இல்ல. ஒழுங்கா நிறுத்தினா அதையும் முடிச்சுட்டு நிக்கலாம். சாகறதுக்கும் வேலையை முடிச்சுட்டு வீட்டுக்குப் போறதுக்கும் தனித்தனியா ஏற்பாடு வேணும்.

தராசுத்தம்பி, பாம்பன் · நாலு நாள் கழித்து, காலை 10.30

அக்கா, காக்கா, சார், அண்ணே, எல்லாம் செஞ்சுட்டேன். தனித் திரெட், சிக்வெயிட், பைப், ஏலத்துக்கு ஒரு எஃப்சிங்க். நாலு நாளா ஒரு வரி தொலையல. நல்ல வரத்து நேரத்துல நானே இருபது தடவை நிறுத்திப் பார்த்தேன், மெயின் நிரல் உடனே அழகா முடியுது.

ஆனா சில தடவை சர்வீஸ் மட்டும் திரும்பவும் 90 விநாடி இழுக்குது! என் நிரல் போயிருச்சு, பதிவுல "கணக்கு முடிந்தது" இருக்கு. மிச்சம் நிக்கிறது எஸ்எம்எஸ் திரெட் ஃபோர்க் பண்ணி (பிள்ளைப் பிராசஸ் ஒண்ணை உண்டாக்கி), எக்ஸெக் போட்டு (அதுல வேற நிரலை ஏத்தி) கிளப்பிவிடுற மோடம் நிரல். டவர் சிக்னல் கிடைக்காம மோடம் திரும்பத் திரும்ப முயற்சி பண்ற நேரத்துல நிறுத்தினா இப்படி. அதுவும் நான் எழுதினதுதான், சின்ன சி நிரல், அதுல ஹேண்ட்லரே கிடையாது. சிக்டெர்ம் வந்தா தானா சாகணும்ல?

கீழக்கரை வாடை · காலை 10.52

ஓடுற பிராசஸோட நிலையைக் கெர்னல் காட்டுற ப்ராக் அடைவுல, அந்த மோடம் நிரலோட ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து, தடுத்த சிக்னல்களைச் சொல்ற சிக்பிளாக் வரியைப் போடுங்க தம்பி. பக்கத்துல, காத்திருக்கிற சிக்னல்களைச் சொல்ற ஷேர்ட் பெண்டிங் வரியும்.

தராசுத்தம்பி, பாம்பன் · காலை 11.40

சிக்பிளாக்: 0000000000004002
ஷேர்ட் பெண்டிங்: 0000000000004000

கீழக்கரை வாடை · காலை 11.58

பதினாறின் அடிமான எண் அது. வலது ஓரத்துல இருந்து முதல் பிட் 1-ஆம் எண் சிக்னல். 2-ஐ விரிச்சா ரெண்டாவது பிட், அது சிக்இண்ட். 4000-ஐ விரிச்சா பதினஞ்சாவது பிட், சிக்டெர்ம். ரெண்டுமே தடுக்கப்பட்டிருக்கு. கீழ் வரி சொல்றது: சிக்டெர்ம் வந்து திண்ணையில உக்காந்திருக்கு, எடுக்க ஆளில்ல.

நிரலி லாத்தா சொன்ன மாஸ்க் பரம்பரை திரெட்டோட நிக்காது. ஃபோர்க்ல பிள்ளைக்கும் போகும், எக்ஸெக் போட்டாலும் அழியாது. எக்ஸெக்ல ஹேண்ட்லர்கள் இயல்புக்குத் திரும்பும், ஏன்னா அந்தப் பழைய கோடே நினைவகத்துல இல்ல. மாஸ்க் வெறும் பிட்டுகள், அது அப்படியே தங்கிரும். சிஸ்டம்டி சர்வீஸ்ல இருக்கிற எல்லாப் பிராசஸுக்கும் சிக்டெர்ம் அனுப்புது, இது காதுல வாங்காம நிக்குது, 90 முடிஞ்சு சிக்கில். அதை யாராலயும் தடுக்க முடியாது.

ஃபோர்க் ஆன பிள்ளைப் பக்கத்துல, எக்ஸெக்குக்கு முந்தின வரியில மாஸ்கை வெறுமையாக்குங்க. அந்த இடத்துல பிள்ளைக்கு ஒரே திரெட்தான், அதனால சிக்ப்ராக்மாஸ்க் போதும், ஹேண்ட்லர்ல கூப்பிடக்கூடிய பட்டியல்லயும் அது இருக்கு. ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் நடுவுல மல்லாக், பிரிண்ட்எஃப் எதுவும் போடாதீங்க. ஃபோர்க் ஆகிற கணத்துல மெயின் கையில இருந்த பூட்டு பிள்ளைக்குப் பூட்டினபடியே போயிருக்கும், திறக்க மெயின் அங்க கிடையாது. நீங்க முதல்ல பார்த்த உறைவு வேற வாசல் வழியா வந்துரும்.

தராசுத்தம்பி, பாம்பன் · இரவு 8.15

காக்கா, மாஸ்கை வெறுமையாக்கின வரியைச் சேர்த்தேன். எக்ஸெக்குக்கு முன்னால நான் போட்டு வச்சிருந்த ஒரு பிரிண்ட்எஃப்பையும் எடுத்துட்டேன். நீங்க சொல்லாட்டி அது அப்படியே கிடந்திருக்கும். சாயங்காலம் மோடம் ஆன்டெனாவைக் கழட்டி வச்சு, அது முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கிறப்ப நிறுத்திப் பார்த்தேன். ஒரு விநாடிகூட ஆகல. சிக்பிளாக் வரியில முழுக்கப் பூஜ்யம்.

நாளைக்குக் காலையில அந்த நாட்டுப்படகு அண்ணன் ஏலத்துக்கு வருவார். விட்டுப்போன காரலையும் கணவாயையும் அவர் சீட்டைப் பார்த்துப் பழைய தேதியிலேயே ஏத்திக் கொடுத்துடுறேன்.